ஏடு யார் கையில்?
மலையகத்தின் கடனும் சேமிப்பும் – பகுதி 7

1888ஆம் ஆண்டு ஹட்டனில் ஒரு வங்கி பிறந்தது. ரயில்பாதை அந்த ஊரைத் தொட்டு நான்கு வருடம்தான் ஆகியிருந்தது. கோப்பி இலைநோயில் பட்டுப்போக, மலைச்சரிவெங்கும் தேயிலை ஏறிக்கொண்டிருந்த காலம். பேங்க்ஸ், ஏட்கின் என்ற இரண்டு தோட்டத்துரைமார் சேர்ந்து அதைத் தொடங்கினார்கள். அந்த ‘ஹட்டன் பேங்க்’தான் 1970இல் ஹட்டன் நஷனல் வங்கியாகி, இன்று நாடெங்கும் கிளை பரப்பி நிற்கிறது. துரைமாருக்குத் தங்கள் பணக் காரியங்களுக்கு ஊரோடு ஒரு வங்கி வேண்டியிருந்தது. அமைத்துக்கொண்டார்கள்.

அதே மலைகளில் மண்வெட்டியும் கவ்வாத்துக் கத்தியும் கொழுந்துக் கூடையுமாக நின்றவர்கள், தங்களுக்கென்று சட்டப்படி பதிந்த கடன் சங்கங்களைப் பரவலாகப் பெறுவதற்கு அதற்குப் பிறகு ஏறத்தாழ நூறு வருடம் பிடித்தது. அந்த நூறு வருடத்தையும், அதன்பின் வந்த சங்கங்களின் வளர்ச்சியையும் இந்தப் பகுதியில் பார்க்கலாம்.

தாமதத்துக்குத் தொழிலாளியின் ஊதாரித்தனத்தைக் காரணம் காட்டுவது துரைமார் காலத்திலிருந்து வரும் வழக்கம். குடி, திருவிழா, கல்யாணச் செலவு என்று அடுக்குவார்கள். ஆவணங்களைப் பார்த்தால் கதை வேறு. தொழிலாளியின் கடன் அவன் மலையேறும் முன்பே எழுதப்பட்டுவிட்டது.

ஊரில் குடும்பத்துக்குக் கொடுத்த கைப்பணம், வழிச்சோறு, தோணிக்கூலி, கம்பளி எல்லாம் அவன் பெயரில் ஏறின. எழுதியவர், ஆட்களைத் திரட்டிக் கொண்டுவந்த பெரிய கங்காணி. அவருக்கு முன்பணம் கொடுத்தது தோட்டம். பல வேளை அதற்குப் பின்னால் செட்டிமாரின் பணமும் இருந்தது. தோட்டத்தில் கொடுத்த அரிசியும் சம்பளத்தில் கழிந்தது. பெரிய கங்காணியின் ஏட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்கத் தெரிந்த தொழிலாளி அரிது. காட்டுங்கள் என்று கேட்கத் துணிந்தவர் அதைவிட அரிது. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி, அறிவித்தல் கொடுக்காமல் தோட்டத்தை விட்டுப் போவது சிறைக்குரிய குற்றம். கடனும் சிறையும் ஒரே கதவின் இரண்டு தாழ்ப்பாள்களாக இருந்தன.

சென்ற பகுதியில் சொன்ன துண்டு முறையை இங்கே ஒரு தடவை நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். இவ்வளவு தொகையைக் கட்டினால் இந்தக் கங்காணியையும் அவருடைய ஆட்களையும் விட்டுவிடச் சம்மதம் என்று துரை எழுதிக் கையொப்பமிட்ட சிறு காகிதம் அது. கங்காணி அதை எடுத்துக்கொண்டு அடுத்த தோட்டத்துக்குப் போவார். அங்குள்ள துரை தொகையைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்வார். கட்டிய தொகை புதுத் தோட்டத்தில் மறுபடியும் கடனாக ஏறும். ஆள் பற்றாக்குறை வந்த காலங்களில் துரைமார் ஒருவரோடொருவர் போட்டி போட, துண்டில் எழுதப்பட்ட தொகையும் ஏறியது. அந்தக் காகிதத்தில் விலைபோன மனிதர்களுக்கு அந்தக் கொடுக்கல் வாங்கலில் ஒரு சொல் பேச இடமிருக்கவில்லை. 1921ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டம் துண்டை ஒழித்தது.

துண்டு போனது, கடன் போகவில்லை. கடன் கொடுப்பவர்தான் மாறினார். தோட்டத்தடிக் கடையின் பற்றுக் கொப்பி வந்தது. தாலியையும் தோட்டையும் அடகு பிடிப்பவர் வந்தார். சம்பள நாளன்று மடுவத்தடியில் காத்து நிற்கும் வட்டிக்காரர் வந்தார். எல்லோர் கையிலும் ஏடு இருந்தது. கடன்பட்டவர் கையில் மட்டும் இல்லை.

உலகத்தின் வேறு மூலைகளில் இதே நோய்க்கு அதற்குள் மருந்து கண்டுபிடித்திருந்தார்கள். ஜெர்மனியின் ஹெட்டஸ்டோர்ஃப் என்ற ஊரில் 1864இல் பிரீட்ரிக் ரைபைசன் அமைத்த கடன் சங்கம் எளிமையான ஏற்பாட்டில் நின்றது. ஒருவரையொருவர் அறிந்தவர்கள் கூடிச் சேமிப்பார்கள். கூடிக் கடன் கொடுப்பார்கள். ஒருவர் கட்டாவிட்டால் எல்லோரும் பொறுப்பு. சென்னை அரசாங்கம் இதை ஆராய அனுப்பிய பிரெடெரிக் நிக்கல்சன் ஐரோப்பாவைச் சுற்றிவந்து 1895இலும் 1897இலும் இரண்டு பாகமாகத் தன் அறிக்கையைக் கொடுத்தார். இந்தியாவில் 1904இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அதே ஆண்டு காஞ்சிபுரத்தில் நகரக் கூட்டுறவுக் கடன் சங்கம் பதிவானது. 1907இல் இந்தியா வந்த பொஸ்டன் வியாபாரி எட்வர்ட் பைலீன், வங்காளத்தில் கூட்டுறவுப் பதிவாளராக இருந்த கூர்லே என்ற அதிகாரியோடு கிராமங்களில் இந்தச் சங்கங்களைப் பார்த்தார். அவர் ஊர் திரும்பிய பிறகு அமெரிக்கத் தொழிற்சாலைகளிலும் தபால் அலுவலகங்களிலும் ஊழியர்கள் தாங்களே அமைத்த கடன் சங்கங்கள் பெருகின. 1934இல் அங்கே அதற்கென்று மத்தியச் சட்டமே வந்தது. வங்காளக் குடியானவரிடம் கற்ற பாடம் அமெரிக்கத் தொழிலாளியின் சம்பளப் பொட்டலத்தைக் காப்பாற்றியது.

இலங்கைக்கும் அது வந்துசேராமல் இல்லை. கண்டி மாவட்டத்து மெனிக்கின்னயில் 1906இல் அமைந்த சங்கத்தை இலங்கைச் சிக்கன கடனுதவு இயக்கம் தன் தொடக்கமாகக் கொண்டாடுகிறது. 1911இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்தது. கொஞ்சம் நின்று பாருங்கள்: இலங்கையின் முதல் கடன் சங்கமாகக் கொண்டாடப்படுவது தேயிலைக் காட்டுக்குப் பக்கத்துக் கிராமத்தில் உருவானது. ஆனாலும் அது தொழிலாளர் வாழ்ந்த லயத்துக்குள் வரவில்லை.

ஏன் வரவில்லை? சட்டம் மனதில் வைத்திருந்தது கிராமத்துக் குடியானவரை. எல்லோரும் எல்லோருக்கும் பொறுப்பு என்ற ஏற்பாட்டுக்குப் பின்னால் ஒரு துண்டு வயலோ வீடோ நிற்க வேண்டும். 10க்கு 12 அடிக் காம்பராவில், வேலை போனால் இருப்பிடமும் போகும் என்ற நிலையில் வாழ்ந்தவரிடம் பொறுப்புக் காட்ட என்ன இருந்தது? மேலும், அரசாங்கத்தின் கண்ணில் தோட்டம் கிராமம் அல்ல. கிராமச் சபைகளின் எல்லைக்கு வெளியே அது கிடந்தது. இந்தத் தீட்டு எவ்வளவு நீளமானது என்பதற்கு ஒரு சான்று: 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம்கூடத் தோட்டங்களைத் தள்ளி வைத்தது. சபைப் பணத்தில் தோட்டத்துக்குள் ஒரு பாதை போடுவதற்குச் சட்டத்தில் தெளிவான இடம் கிடைத்தது 2018இல் அதைத் திருத்திய பிறகுதான்.

ஆனால் ரைபைசன் கேட்ட இன்னொன்று லயத்தில் நிறையவே இருந்தது: ஒருவரையொருவர் அறிந்திருத்தல். ஒரே சுவரின் இரண்டு பக்கமும் வாழ்கிறவர்களுக்கு யார் வீட்டில் அடுப்பு எரிகிறது, யார் இந்த மாதம் எத்தனை நாள் வேலைக்குப் பேர் போட்டிருக்கிறார், யார் வாக்குத் தவறாதவர் என்பது தெரியும். அந்த அறிவின் மேல்தான் சீட்டு நின்றது. குலுக்குச் சீட்டு, ஏலச் சீட்டு, அரிசிச் சீட்டு, தீபாவளிச் சீட்டு என்று எத்தனை வகை. சம்பள நாளன்று இருபது பேர் காசு போடுவார்கள். ஒருவர் முழுத் தொகையையும் எடுப்பார். பத்திரம் இல்லை, பிணை இல்லை. வாக்குத்தான் பிணை. பிள்ளைக்குக் காது குத்தவும், கிழவிக்குக் கருமாதி செய்யவும், பையனைக் கொழும்புக்கு அனுப்பவும் அந்தப் பணம்தான் உதவியது. மலையகத்தின் முதல் கடன் சங்கம் எது என்று என்னிடம் கேட்டால், பதிவு இலக்கம் இல்லாத இந்தச் சீட்டையே சொல்வேன். தொழிலாளிகள் தாங்களாகத் தொடங்கி, தாங்களாக நடத்தியது அது ஒன்றுதான்.

சீட்டுக்கு ஒரு குறையும் உண்டு. சுற்று முடிந்ததும் கரைந்துவிடும்; வளராது. இன்று சேர்ந்த காசு நாளைக்கு முதலாக நிற்பதில்லை. சீட்டுப் பிடித்தவர் ஊரைவிட்டுப் போனால் கேட்க ஒரு நீதிமன்றமும் இல்லை. அது சங்கமாக வளர்ந்திருக்க வேண்டிய காலத்தில்தான் நாடே கையைவிட்டுப் போனது.

மலையகத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவராக்கிய 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தையும், அடுத்த வருடத்து இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டத்தையும் இந்தத் தொடரில் பல தடவை தொட்டிருக்கிறோம். எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்காகக் குடியுரிமை விண்ணப்பங்கள் போயின. 1964 வரையில் குடியுரிமை பெற்றவர்கள் சுமார் 1,34,000 பேர். நாடற்றவர் எந்த நிலத்தை நம்பிப் பங்கு போடுவார்? எந்தப் பத்து வருடத்தை நம்பிச் சேமிப்பார்?

இதே நேரத்தில் கடலுக்கு அப்பால் மலாயாவில் நடந்ததை இதனோடு பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அங்கும் தோட்டத்தில் இருந்தவர்கள் நம் தமிழர்கள்தான். ரப்பர்த் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுத் தொழிலாளரைத் தெருவில் விட்ட நேரத்தில், அமைச்சராக இருந்த வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால் வெட்டும் தொழிலாளி மாதம் 10 வெள்ளி கட்டி, 100 வெள்ளிப் பங்குக்கு உரிமையாளரானார். அடுத்த வருடமே கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தை அந்தச் சங்கம் வாங்கியது. அதன்பின் இன்னும் பல தோட்டங்கள். சின்னச் சம்பளக்காரரின் காசு ஒன்றுசேர்ந்து தோட்டத்தையே விலைக்கு வாங்கிய வரலாறு அது. நம் மலையில் அதே ஆண்டுகளில் என்ன நடந்தது? 1964 அக்டோபர் 30இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாகி, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே என்று மனிதர்கள் பிரிக்கப்பட்டார்கள். மலாயாத் தமிழருக்கும் மலையகத் தமிழருக்கும் உழைப்பிலோ சிக்கனத்திலோ வேறுபாடு இல்லை. அங்கே பலர் கையில் குடியுரிமை இருந்தது, ஆட்சியில் ஒரு குரல் இருந்தது. இங்கே இரண்டும் பறிக்கப்பட்டிருந்தன.

தலைமன்னாரில் ‘இராமானுஜம்’ கப்பல் ஏறியவர்களோடு லயத்துச் சீட்டுகளும் கலைந்தன. பத்து வருடம் ஒன்றாகக் காசு போட்டவர்களில் பாதிப்பேர் ஒரு கரையிலும் பாதிப்பேர் மறு கரையிலும் ஆனார்கள். அக்கரைக்குப் போனவர்களுக்காக ஒரு கூட்டுறவு வங்கி உருவானது என்பதை நம்மில் பலர் மறந்துவிட்டோம். பர்மாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் திரும்பியவர்களின் மறுவாழ்வுக்காக 1969 நவம்பரில் சென்னையில் பதிவான அந்த நிறுவனமே இன்றைய ரெப்கோ வங்கி. தாயகம் திரும்பியவர்கள் அதில் உறுப்பினர்கள். பங்கின் பெரும்பகுதி அரசாங்கங்களுடையது. நாடு விட்டுப் போன பிறகாவது உறுப்பினர் என்ற பெயர் அவர்களுக்குக் கிடைத்தது.

இங்கே எஞ்சியவர்களுக்கு அடுத்த பத்து ஆண்டுகள் இன்னும் கடுமையானவை. 1972இலும் 1975இலும் வந்த காணிச் சீர்திருத்தத்தோடு தோட்டங்கள் அரசு வசமாகின. அந்த வருடங்களின் பட்டினியைப் பற்றித் தனியாக ஒரு பகுதி எழுத வேண்டும். இங்கே கடந்து போகிறேன்.

1978இல் கிராமப்புறத்தில் ஒரு மறுபிறப்பு நடந்தது. தூங்கிக் கிடந்த சிக்கன கடனுதவு சங்கங்களை வல்கம என்ற ஊரிலிருந்து பீ. ஏ. கிரிவந்தெனிய எழுப்பினார். சணச என்று நாம் அறியும் அந்த இயக்கம் ஆயிரக்கணக்கான ஊர்களுக்குப் பரவி, 1997இல் தனக்கென்று ஓர் அபிவிருத்தி வங்கியையே அமைத்தது. தோட்டங்களுக்குள்ளும் அதன் கிளைகள் சில எட்டிப் பார்த்தன. ஆனால் கிராமத்தில் பரவிய வேகம் இங்கே இல்லை. சுற்றறிக்கையும் கணக்குப் புத்தகமும் பெரும்பாலும் சிங்களத்தில் இருந்தால், தமிழ் மட்டும் வாசிக்கத் தெரிந்த செயலாளர் எப்படி ஏட்டைக் காப்பார்?

இதற்கிடையில் இரண்டு மாற்றங்கள் அமைதியாக நிலத்தைப் பண்படுத்தின. 1984இல் தோட்டப் பெண்ணுக்கும் ஆணுக்கும் ஒரே நாட்சம்பளம் வந்தது. 1988இன் சட்டமும் பின்னர் 2003இன் சட்டமும் நாடற்ற நிலையை முடித்துவைத்தன. சேமிக்கக் காசும், சேமிப்பை நம்ப நாடும் அப்போதுதான் சேர்ந்து கிடைத்தன. பெண் சம்பளத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மனைவியின் சம்பளத்தைக் கணவனே வாங்கிப்போகும் பழக்கம் பல தோட்டங்களில் நீடித்தது. கொழுந்து எடுக்கும் கைதான் தோட்டத்தின் வருமானம். அந்தக் கைக்குத் தன் பெயரில் ஒரு சேமிப்புப் புத்தகம் கிடைத்தது மிகப் பிந்தித்தான்.

1992இல் தோட்ட நிர்வாகம் தனியார் கம்பனிகளிடம் போனது. அதையொட்டி அரசாங்கமும் கம்பனிகளும் தொழிற்சங்கங்களும் சேர்ந்து ஒரு வீடமைப்பு, சமூகநல நிதியத்தை அமைத்தன. பின்னர் அது பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் என்று பெயர் மாறியது. தோட்டத்தில் எல்லோருக்கும் அது ‘ட்ரஸ்ட்’. அதன் முயற்சியில் தோட்டம்தோறும் தோட்டத் தொழிலாளர் வீடமைப்புக் கூட்டுறவுச் சங்கங்கள் எழுந்தன. கூட்டுறவுச் சட்டப்படி பதிவு, பங்குப் பணம், கணக்காய்வு, பொதுக்கூட்டம் எல்லாம் உண்டு. துண்டு ஒழிந்து எழுபது வருடத்துக்குப் பிறகு, மலையகமெங்கும் தொழிலாளி சட்டப்படி ஒரு கடன் சங்கத்தின் உறுப்பினரானது இப்படித்தான்.

இந்தச் சங்கங்கள் செய்த நல்லதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. 7 பேர்ச் காணியில், லயத்தைவிட்டு விலகி, தனிச் சுவரும் தனிக் கதவும் உள்ள வீடுகள் எழுந்தன. கூரைத் தகரம், சீமெந்து, மலசலகூடம் என்று சிறு கடன்கள் போயின. அவசரத்துக்கு வட்டிக்காரரிடம் ஓடாமல் சங்கத்தில் கேட்க ஒரு வழி பிறந்தது. எத்தனையோ தோட்டங்களில் செயலாளராக இருந்த இளைஞரும் யுவதிகளும் வரவு செலவு எழுதக் கற்றுக்கொண்டது இங்கேதான்.

ஆனால் இந்தச் சங்கம் மேலிருந்து வந்தது. தொழிலாளிகள் கூடித் தொடங்கியதல்ல, அவர்களுக்காகத் தொடங்கப்பட்டது. நிர்வாகத்தில் தோட்ட முகாமைத்துவத்தின் கை ஓங்கியிருந்தது. கடன் தவணை செக்ரோல் என்ற சம்பளப் பதிவேட்டிலேயே கழிந்தது. அது வசதிதான், வசூலுக்கு அலைய வேண்டியதில்லை. அந்த வசதிக்கு ஒரு விலையும் இருக்கிறது. கடன் சங்கத்தின் உயிர், உறுப்பினர் தன் கையால் காசைக் கொண்டுவந்து கட்டி, ஏட்டில் பதிவதைத் தன் கண்ணால் பார்த்துப் போவதில்தான் இருக்கிறது. சம்பளத் துண்டில் ஒரு வரியாகக் கழிந்துபோகும் காசை யாரும் தன் சங்கத்தின் காசாக நினைப்பதில்லை. தோட்டம் பிடித்துக்கொண்டது என்றுதான் நினைப்பார்கள். பெரிய கங்காணியின் ஏடு பூட்டிய பெட்டியில் இருந்தது போல, சங்கத்தின் ஏடும் ஆபீஸ் அலுமாரிக்குள் போய்விட்டால், பதிவு இலக்கம் இருந்து என்ன பயன்? கடனைக் கட்டி முடித்த பிறகும் வீட்டின் உறுதி கைக்கு வராத குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன.

அந்த இடைவெளியில் நுழைந்தவைதான் நுண்கடன் கம்பனிகள். பெண்களிடம் வாரம்தோறும் வந்து வசூலிக்கும் கடன், ஒன்றைக் கட்ட இன்னொன்று, அதைக் கட்ட மூன்றாவது. 2016இல் நுண்நிதிச் சட்டம் வந்த பிறகும் பெண்களின் அந்தச் சுமை குறைந்துவிடவில்லை. தோட்ட நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாயானது; 2024இல் 1,350 ஆனது. ஏறிய சம்பளம் பல வீடுகளில் அப்படியே வாரக் கடனுக்குப் போகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு டிவிசனில் 200 பேர் மாதம் 500 ரூபாய் போடுகிறார்கள் என்று வையுங்கள். அது அரைநாள் சம்பளத்துக்கும் குறைவு. மாதம் ஒரு லட்சம், வருடம் பன்னிரண்டு லட்சம் சேரும். 20,000 ரூபாய் கடனுக்கு நூற்றுக்குப் பத்து என்று வட்டிக்காரர் மாதம் 2,000 ரூபாய் வாங்குவார். சங்கம் நூற்றுக்கு ஒன்று வாங்கினால் 200 ரூபாய். அந்த 200 ரூபாயும் உறுப்பினரின் முதலாகவே சங்கத்தில் தங்கும். இதில் மந்திரம் எதுவும் இல்லை. லயத்தில் சீட்டுப் பிடித்த நம் பாட்டிமாருக்கு இந்தக் கணக்கு நன்றாகத் தெரியும். அவர்களுக்குக் கிடைக்காதது சட்டமும் நிலமும் நாடும். இன்று சட்டமும் நாடும் இருக்கின்றன. நிலத்துக்கான போராட்டம் நடக்கிறது. ஏடு மட்டும்தான் இன்னும் முழுதாக நம் கைக்கு வரவில்லை. மலையகத்துக் கடன் சங்கத்தின் வளர்ச்சி பாதிவழியில் நிற்கிறது என்பதே என் தீர்ப்பு.

உங்கள் தோட்டத்தில் கூட்டுறவுச் சங்கம் இருந்தால் அடுத்த பொதுக்கூட்டத்துக்குப் போங்கள். ஏட்டைக் காட்டச் சொல்லுங்கள். தமிழில் வாசிக்கச் சொல்லுங்கள். உறுப்பினருக்கு அது உரிமை. கூடவே இன்னொரு வேண்டுகோள். பழைய துண்டு, பற்றுக் கொப்பி, சீட்டுப் புத்தகம், சங்கக் கூட்டறிக்கை, பாட்டியின் சேமிப்புப் புத்தகம் என்று எது உங்கள் வீட்டுப் பரணிலோ பெட்டியிலோ கிடந்தாலும் எறிந்துவிடாதீர்கள். நம் ஆவணங்களை மின்வடிவில் காத்துவரும் நூலக நிறுவனத்துக்கு ஒரு பிரதியாவது கொடுங்கள். இந்த வரலாற்றின் பெரும்பகுதி இன்னும் உங்கள் பெட்டிகளுக்குள்தான் இருக்கிறது.